பல்லு போன இறக்கம்

எக்ஸ்ரே அக்காவை அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர்கள் இல்லை. தெரியாதவர்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள். கையையோ காலையோ உடைத்துக்கொண்டு வந்தால் போதும். கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும் அறை அவளுடையது. "அசையாதீங்க. மூச்சை இழுங்க. பிடிங்க. ம், விடுங்க." இதை அவள் தூக்கத்தில்கூடச் சொல்வதாக அவள் கணவர் சொல்வார். அவர் மட்டும் என்னவாம், தூக்கத்தில் கிக்கரை உதைக்கிறவர்தான். வீட்டுக்குக் கீழேயே இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். மெக்கானிக் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. நான் சொல்லாவிட்டாலும் இந்தக் கதையில் வருகிற எல்லாரும் அதை மாற்றி மாற்றிச் சொல்லத்தான் போகிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

அந்த மலை சைக்கிள் அவளுக்காக வாங்கியதே இல்லை. மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசை ஆசையாக வாங்கினாள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், பார்க்கவே எருமைக் கன்று மாதிரி இருக்கும். இரண்டே வாரத்தில் ஆசை ஆவியாகிவிட்டது. பால்கனியில் நின்ற சைக்கிளின் ஹேண்டில்பாரில் துண்டு காய்ந்தது, சீட்டில் பாவாடை காய்ந்தது. ஒருநாள் காற்றடித்துச் சைக்கிள் சாய்ந்து, துவைத்த துணியெல்லாம் தரையில் புரண்டபோது அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓட்டறதுன்னா ஓட்டு. இல்லன்னா நான் ஓட்டறேன்."

மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஓட்டிக்கோம்மா" என்றாள். அவள் பேச்சுக்குத்தான் சொன்னாள். அக்கா பேச்சுக்குச் சொல்லவில்லை.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வர ஓட்டினாள். ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டியே காடு தொடங்குகிறது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், நேரே போக வேண்டிய இடத்தில் ஹேண்டில்பாரை வளைத்துக் காட்டுக்குள் விட்டாள். ஏன் விட்டாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. திரும்பி வரும்போது கணுக்கால் வரை சேறு, தலைமுடியில் சருகு, முகத்தில் ஒரு சிரிப்பு. மெக்கானிக் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கயாவது விழுந்துட்டியா?" என்றார். "இல்லங்க, நல்லா இருக்கேன்" என்றாள். இரண்டுமே உண்மைதான். அன்றைக்கு அவள் விழவில்லை, நன்றாகவும் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தக் காட்டுக்கு ஒரு கூட்டம் சைக்கிளில் வரும். அதற்குத் தலைவர் கேப்டன். நிஜக் கேப்டன் எல்லாம் இல்லை, நில அளவை அலுவலகத்தில் வேலை. கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டிருப்பார், அதனால் கேப்டன். அந்தக் கூட்டத்தில் அக்கா சேர்ந்தாள். பாதிப் பேர் அவள் மகள் வயது. ஆரம்பத்தில் அவர்களுக்கு வாய்க்குள் சிரிப்பு. பிறகு அவள் ஏற்றங்களில் இறங்கித் தள்ளாமல் ஏறுவதைப் பார்த்ததும் சிரிப்பு வாய்க்குள்ளேயே அடங்கிப் போனது. இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும், கல்லைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும், வலது கையால் பின்பிரேக்கைப் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குக் கையில் ஊறிப்போனது. வாரம் முழுக்க அவள் மற்றவர்களிடம் அசையாதே, அசையாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அசைவது அவள் முறை. வேறு எதற்காகவும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, இதை ஒளிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தக் காட்டிலேயே கெட்ட இடம் ஒன்று உண்டு. செங்குத்தாக இறங்கும், நடுவில் வேர்கள் பின்னிக் கிடக்கும், கடைசியில் ஒரு திருப்பம். பல்லு போன இறக்கம் என்று பெயர். போனது கேப்டனின் முன்பல். புதிதாக யார் வந்தாலும் அவரே அங்கே நிறுத்தி, கட்டின பல்லைக் காட்டி, கதையைச் சொல்வார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இறக்கம் கொஞ்சம் நீளும். யாரோ ஒரு புண்ணியவான் அங்கே கல்லில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பல்லையும் வரைந்து வைத்திருந்தான்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். மெக்கானிக்குக்கு அன்று வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. சும்மா இருக்கத் தெரியாத கை அவருடையது. மாடிக்குப் போய் மனைவியின் சைக்கிளைத் தூக்கி வந்தார். பாசத்தைச் சிலர் வாயால் சொல்வார்கள். இவர் கிரீஸ் போட்டுச் சொல்வார். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார், சக்கரத்தில் கோட்டம் எடுத்தார், பிரேக் கேபிள்களை உருவித் துடைத்தார். திரும்ப மாட்டும்போதுதான் கவனித்தார். இடது கைப் பிடி முன்சக்கரத்துக்குப் போகிறது, வலது கைப் பிடி பின்சக்கரத்துக்குப் போகிறது. அவர் ஆயுசு முழுக்கப் பார்த்த ஸ்கூட்டர், பைக் எதிலும் முன்பிரேக் வலது கையில்தான்.

"மாத்தி மாட்டியிருக்கான் பாரு, மடப்பய" என்று முகம் தெரியாத சைக்கிள் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே இரண்டு கேபிளையும் இடம் மாற்றி மாட்டினார். கச்சிதமாகத்தான் மாட்டினார், அதில் குறை சொல்ல முடியாது.

மனைவியிடம் சொல்லத்தான் நினைத்தார். மாலை ஷிஃப்ட் முடிந்து அவள் வந்தபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காலையில் அவர் கண் விழித்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். அவரைப் பொறுத்தவரை அவர் எதையும் மாற்றவில்லை, சரி செய்திருந்தார். சரி செய்ததைப் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அன்று சைக்கிள்களை ஒரு சரக்கு வேனில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். ஓட்டத் தொடங்கியதும் சமதளம். அங்கே நிறுத்த வேண்டிய நேரங்களில் அக்கா வழக்கம்போல இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள், வித்தியாசம் தெரியவில்லை. பல்லு போன இறக்கம் வந்தது. முந்தின நாள் மழையில் வேர்கள் நனைந்து மினுக்கின. அக்கா உடம்பைப் பின்னால் தள்ளினாள், வழியைப் பார்த்தாள், வேகம் கூடுவது போலிருக்கவே வலது கையை இறுக்கினாள். சைக்கிள் நின்றது. அக்கா நிற்கவில்லை.

காற்றில் இருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இழுத்தது வலது கை, நின்றது முன்சக்கரம். கீழே வந்து சேர்ந்ததும் இடது தோளில் ஒரு சத்தம். ஆயிரக்கணக்கில் படமெடுத்தவள் எலும்பு உடையும் சத்தத்தை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டாள். மல்லாந்து கிடந்து, மேலே மரங்களைப் பார்த்து, 'மனுஷன் கை வெச்சுட்டார்' என்று நினைத்துக்கொண்டாள்.

கேப்டன் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். எதற்கு ஊதினார் என்று யாருக்கும் தெரியாது.

"அக்கா, இது உங்களுக்கு ஒத்துவராதுன்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

அடிபட்டுக் கிடக்கிறவளிடம் முதலில் சொல்கிற வார்த்தையா இது? வலியில் உயிர் போனதால் அக்கா அதை அப்போது காதில் வாங்கவில்லை. பின்னால் வட்டியோடு வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய அறையிலேயே, அவளுடைய மேசையிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பெண் அழுதுகொண்டே ஈய அங்கியைப் போர்த்திவிட்டு, "அசையாதீங்கக்கா. மூச்சை இழுங்க. பிடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். படம் எடுத்து முடித்து வெளியே வந்தபோது அக்காவின் முகம் சிவந்து போயிருந்தது.

"விடுன்னு சொல்ல மாட்டியாடி?"

கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடும் காறை எலும்பு உடைந்திருந்தது. டாக்டர் வந்து படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அக்கா பார்த்துவிட்டாள். ஆபரேஷன் தேவைப்படாது, கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டால் கூடிவிடும் என்று அவளே தெரிந்துகொண்டாள். டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"டாக்டர், மறுபடி எப்ப ஓட்டலாம்?"

டாக்டர் சிரித்தார். பந்து விளையாடிக் கணுக்காலை உடைத்துக்கொண்ட பையன்கள், மோட்டார் பைக்கோடு பள்ளத்தில் இறங்கிய பையன்கள் எல்லாரும் அவரிடம் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அவர்களிடம் அவர் சிரித்து அக்கா பார்த்ததில்லை. 'ஆறு வாரம் போகட்டும், படம் எடுத்துப் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்' என்பார். அக்காவிடம் சிரித்துவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்கு எலும்பைவிட அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள், மெக்கானிக் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா மெல்லப் பட்டறைக்கு இறங்கினாள். சைக்கிள் மூலையில் சாய்ந்திருந்தது. நல்ல கையால் வலது பிடியை அழுத்தினாள். முன்சக்கரத்தில் பிரேக் கவ்வியது. கேபிளின் முனையில் கறுப்பு டேப் சுற்றி, அதை ஒரு சுழி சுழித்து விட்டிருந்தது. அந்தச் சுழியைப் போட அந்த ஊரில் வேறு கை கிடையாது.

வரட்டும் மனுஷன், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் மாடி ஏறினாள். அவர் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன, கையில் சூப் போடக் காய்கறி. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, "தலை சிக்கு விழுந்து கெடக்கு, குடு" என்று சீப்பை வாங்கினார். வாழ்நாளில் முதல்தடவையாக அவளுக்குப் பின்னல் போட்டார். மூன்று கேபிளைச் சேர்த்து முறுக்குவதுபோலத்தான் போட்டார், மண்டைத் தோலே உரிந்துவிடும் போலிருந்தது. முனையில் ரப்பர் பேண்டு போட்டுவிட்டு ஒரு சுழியும் சுழித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, சொல்ல வந்தது மட்டும் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

பிறகு என்பது வருவதற்குள் வேறு பலர் வந்துவிட்டார்கள். பழம் வாங்கி வந்தார்கள், ரொட்டி வாங்கி வந்தார்கள், கூடவே அறிவுரையும் மறக்காமல் எடுத்து வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "இந்த வயசுல இது தேவையா?" என்றாள். ஆஸ்பத்திரி ரிசப்ஷன்காரி, "நடந்தா போதும்க்கா, நடக்கறதே பெரிய எக்சர்சைஸ்" என்றாள். அக்காவின் அண்ணன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் மேலதிகாரியாக இருப்பவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"பொம்பள, அதுவும் அம்பது வயசு, காட்டுக்குள்ள சைக்கிள். ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களாண்ணே?"

"நான் எதுக்கு ஓட்டணும்?"

"அப்புறம் உங்களை எதுக்குக் கேக்கணும்?"

அவளுக்கும் ஒரு பலவீனமான நேரம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி மறுபடி வந்து வயதைப் பற்றி ஆரம்பித்தபோது, 'நான் விழல, பிரேக்கை மாத்தி மாட்டிட்டாங்க' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எல்லார் வாயும் மூடியிருக்கும். ஆனால் அந்த வாக்கியம் அவளுக்கே பிடிக்கவில்லை. விழுந்தால் ஓட்டுவதற்கு அருகதை போய்விட்டது என்று இவர்கள் வைத்திருக்கிற சட்டத்துக்கு அவளே கையெழுத்துப் போடுவதுபோல இருந்தது. கேப்டனுக்குப் பல் போனபோது பிரேக்கெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, அடுத்த பாட்டுக்காக ஒரு கையை எடுத்தார், விழுந்தார். முழுக்க முழுக்கச் சொந்தக் கோமாளித்தனம். அதற்கு இறக்கத்துக்கே பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். அவர் விழுந்தது கதையாகிவிட்டது, அவள் விழுந்தது பஞ்சாயத்தாகிவிட்டது. வாக்கியத்தை அக்கா அப்படியே விழுங்கிவிட்டாள்.

அண்ணனையும் கேப்டனையும் அவளால் ஒரு கை பார்க்க முடியும். மெக்கானிக்கைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவர் சத்தம் போடவில்லை. ஒருநாள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"போன் வந்துச்சு பாரு, விழுந்துட்டாங்கன்னு. ஆளுக்கு என்னாச்சுன்னு சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. திரும்ப லைன் கெடைக்கற வரைக்கும்... எனக்காக விட்டுடேன்."

 அவர் அப்படி எதையும் கேட்கிறவர் இல்லை. அன்று முழுக்க அவள் யோசித்தாள், விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். "பார்க்கறேங்க" என்றாள். இந்தப் பார்க்கறேன் என்ற சொல்லை வீட்டில் எல்லாரும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் உடனே காரியத்தில் இறங்கினார். கேப்டனின் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த யாருக்கோ ஒரு சைக்கிள் வேண்டுமாம், கொடுத்துவிடலாம், கண்ணில் படாமல் இருந்தால் மனதிலும் படாது என்று தீர்மானம் ஆனது.

எலும்பு கூடிவிட்டது என்று அக்கா தன் கண்ணால் படத்தில் பார்த்துவிட்டு வந்த அதே நாள் மாலை, கேப்டன் சைக்கிளை எடுத்துப்போக வந்தார். அண்ணன் மேற்பார்வைக்கு வந்திருந்தார். மகள் குற்ற உணர்ச்சியோடு டீ போட்டாள். மெக்கானிக் கடைசியாக ஒருமுறை சைக்கிளைத் துடைத்துப் பட்டறை வாசலில் நிறுத்தினார். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடறேன்" என்று கேப்டன் ஏறினார்.

தெரு, முனையை நோக்கிச் சரிவாக இறங்கும். கேப்டன் எல்லாரும் பார்க்கிறார்களே என்று சீட்டில் உட்காராமல் நின்றபடி விட்டார். முனையில் ஒரு வேன் குறுக்கே வர, வலது பிடியை ஒரே அழுத்தாக அழுத்தினார். பின்சக்கரம் ஆளைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. அடுத்த நொடி கேப்டன் விளக்குக் கம்பத்தைக் ரொம்ப நாள் கழித்துச் சந்தித்த நண்பனைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தவர், "யாருங்க இதுல பிரேக்கை மாத்தி மாட்டினது?" என்று கத்தினார்.

"மாத்தலீங்க. தப்பா இருந்துச்சு, நான்தான் சரி பண்ணி..." என்று பெருமையாக ஆரம்பித்த மெக்கானிக் பாதியில் நின்றார்.

"எப்பப்பா சரி பண்ணே?" என்றாள் மகள்.

"சனிக்கிழமை. அவ... அவ போறதுக்கு மொத நாள்."

கையிலிருந்த துணி நழுவியது. மெக்கானிக் பட்டறைக்குள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நடக்கக் கூடாதது நடந்தது. எல்லாருக்கும் சந்தோஷம் பொங்கிவிட்டது.

"அப்ப இவ மேல தப்பே இல்லையே!" என்றார் அண்ணன், ஏதோ வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

"அதானே பார்த்தேன்! அக்கா அப்படியெல்லாம் விழற ஆளே இல்ல" என்றார் கேப்டன். "இது தெரியாம நாங்க என்னென்னமோ நெனச்சுட்டோம். இனிமே பிரச்சனையே இல்லக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. உங்களுக்கு ஃபுல் பர்மிஷன்."

பர்மிஷன் என்ற சொல் அக்காவின் காதுக்குள் போய் எங்கேயோ உரசியது.

"யாரு கேட்டா?"

"என்னக்கா?"

"பர்மிஷன் யாரு கேட்டான்னு கேக்கறேன்."

தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். எக்ஸ்ரே அறையில் தூரத்திலிருந்து பேசிப் பழகிய குரல் அவளுடையது, கதவைத் தாண்டிக் கேட்கும்.

"பிரேக் மாறியிருந்தது எனக்கு அன்னைக்கே தெரியும். தரையில விழறதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?" என்றாள் மகள்.

"மொதல்ல உங்கப்பா மூஞ்சியைப் பார்த்து சொல்லல. அப்புறம் உங்க எல்லார் மூஞ்சியையும் பார்த்து சொல்லல." அக்கா படியிலிருந்து இறங்கி வந்தாள். "கேப்டன், உங்க பல்லு போச்சே, அன்னைக்கு எந்தப் பிரேக்கை யாரு மாத்தி மாட்டினா?"

கேப்டனின் கை தானாக வாயைப் பொத்தியது.

"பாட்டு மாத்தறேன்னு கையை விட்டீங்க. விழுந்தீங்க, எழுந்தீங்க, மறுபடி வந்தீங்க. உங்களை உக்கார வெச்சு யாராவது வயசைச் சொன்னாங்களா? உங்க சைக்கிளைத் தூக்கி வேற ஆளுக்குக் குடுத்தாங்களா? எறக்கத்துக்கே உங்க பல்லு பேரை வெச்சாங்க. பிரேக் மேல தப்புன்னா நான் ஓட்டலாம், என் மேல தப்புன்னா ஓட்டக் கூடாது. இது எந்த ஊரு நியாயம்?"

"அதுக்கில்லம்மா, வயசுன்னு ஒண்ணு..." என்று அண்ணன் வாயைக் கொடுத்தார்.

"வயசு என்னோடதுண்ணே. எலும்பும் என்னோடது. நாளைக்கு நான் என் சொந்தத் தப்புலயே விழுவேன். கல்லைப் பார்த்து விழுவேன், பராக்குப் பார்த்து விழுவேன். அதுக்கு அடுத்த வாரமும் போவேன். சம்மதமா இருந்தா டீயைக் குடிங்க. இல்லன்னாலும் குடிங்க, ஆறிடும்."

அண்ணன் டீயைக் குடித்தார். கேப்டனும் குடித்தார். சைக்கிள் நிறுத்திய இடத்திலேயே நின்றது. கிளம்பும்போது அண்ணன், "உன்கிட்ட பேசி ஜெயிச்சவன் யாரு" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அவர்கள் போன பிறகு அக்கா பட்டறைக்குள் போனாள். மெக்கானிக் அதே ஸ்டூலில் இருந்தார்.

"உன்னைக் கொன்னுருப்பேன்" என்றார்.

"கொல்லல இல்ல. எழுந்திருங்க, மாத்தி மாட்டுங்க."

"இனிமே அதை நான் தொட மாட்டேன்."

"நீங்க தொடாம வேற யாரு தொடுவா? வேற ஒருத்தன் கை வெச்சா நான் விடுவேனா? இடது கைக்கு முன்னாடி, வலது கைக்குப் பின்னாடி. உங்க பைக்குக்கெல்லாம் எது சரியோ எனக்குத் தெரியாது. என் கைக்கு இதுதான் சரி."

அவர் அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் அன்னைக்குக் கேட்டேனே. எனக்காக விட்டுடக் கூடாதா?" என்றார்.

அக்கா அவர் எதிரில் ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதற்குக் கோபப்பட அவளால் முடியவில்லை.

"உங்களுக்காக நான் எதை வேணா விடுவேங்க. இதை இப்ப விட்டா, உங்க கையால விட்டதா ஆயிடும். அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க என் மூஞ்சியைப் பார்த்துட்டு, நான் உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணும். உங்களால முடியுமா? என்னால முடியாது."

அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு கையை நீட்டி, "அந்த ஸ்பேனரை எடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெக்கானிக் தானும் வருவேன் என்று அடம் பிடித்து வந்து, பல்லு போன இறக்கத்தின் அடியில் போய் நின்றுகொண்டார். கேப்டன் பக்கத்தில் நின்றார், விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல்.

மேலே அக்கா ஒரு காலை ஊன்றி நின்றாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். தோளில் பயம் இருந்தது, கூடிய எலும்பு பழைய சத்தத்தை நினைவு வைத்திருந்தது. முன்னால் போன பையன்கள், "அக்கா, வேணும்னா சுத்து வழியில..." என்று இழுத்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்த பார்வையில் அவர்கள் வழிவிட்டார்கள். அவள் மூச்சை இழுத்தாள், பிடித்தாள், விட்டாள். பெடலை மிதித்தாள்.

வேர்கள் கையைக் குலுக்கின. உடம்பு பின்னால் போனது, வலது கை பட்டும் படாமலும் பிடித்தது, பின்சக்கரம் சொன்னபடி கேட்டது. வெள்ளைப் பல் வரைந்த கல் பக்கத்தில் வந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று தெரியும், பார்க்கவில்லை. திருப்பத்தில் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, வெளியே வந்தது. அவ்வளவுதான், இறக்கம் முடிந்துவிட்டது. கீழே புல் வளர்ந்த சமதளம், குழந்தைகள்கூட ஓட்டலாம்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு கையை எடுத்துக் கேப்டனுக்கு டாட்டா காட்டினாள். காட்டிய வேகத்தில் முன்சக்கரம் ஒரு சின்னக் குழியில் இறங்கி மடங்க, சைக்கிள் ஒரு பக்கம் சாய, அவள் மறுபக்கம் சேற்றில் பொத்தென்று விழுந்தாள்.

மெக்கானிக் அலறிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் அவளைத் தாண்டிப் போய்ச் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். வலது பிடியை அழுத்திப் பார்த்தார், இடது பிடியை அழுத்திப் பார்த்தார், மறுபடி வலது பிடியை அழுத்தினார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"நான் சரியாத்தானே மாட்டினேன்? ரெண்டு தடவை பார்த்தேனே..."

"ஏங்க, விழுந்தவ இங்க கெடக்கேன்" என்றாள் அக்கா. முழங்கையில் சிராய்த்திருந்தது, முகமெல்லாம் சேறு. தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தாள், நன்றாகச் சுழன்றது. கேப்டனும் பையன்களும் சுற்றி வந்து நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாராவது ஒருவர் வயதை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அக்கா கையை ஊன்றி எழுந்தாள். கணவர் கையிலிருந்த சைக்கிளை வாங்கிக்கொண்டாள்.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. "நானேதான் விழுந்தேன். என்ன இப்போ?"